எக்ஸ்ரேக்கு நான் ஒட்டிய பேட்ச்

என் கணவர் இருபத்தைந்து வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டாராம். கம்பெனி மலரில் போட அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நானும் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருப்பவள் என்பதால் எனக்கு அந்த மரியாதை. நாலு நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? எழுத உட்கார்ந்ததும் வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது. மலருக்கு வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். நான் எழுத நினைத்தது இது.

எங்கள் கம்பெனியில் ஊசி மருந்து தயாராகிறது. மருந்து நிரப்பி மூடிய கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே தூசியோ நாரோ கண்ணாடித் துகளோ மிதந்தால் சிவப்புத் தட்டில் ஒதுக்கிவிட வேண்டும். அதுதான் அவர் வேலை. குப்பியின் கழுத்தைப் பிடித்து மெல்ல ஒரு சுழற்று. கறுப்புத் தட்டிக்கு முன்னால் ஐந்து நொடி, வெள்ளைத் தட்டிக்கு முன்னால் ஐந்து நொடி. வெள்ளைத் துகள் கறுப்பில் தெரியும், கறுப்பு நார் வெள்ளையில் தெரியும். கேட்கச் சுலபமாக இருக்கும். அரை மணி நேரம் பார்த்தால் நமக்கெல்லாம் இல்லாத பூச்சி பறக்கும். அவருக்குப் பறக்காது. அவர் கண்ணுக்குத் தப்பிய கெட்ட குப்பி என்று ஒன்றை இத்தனை வருடத்தில் யாரும் காட்டியதில்லை. அதனால் கம்பெனியில் அவர் பெயர் எக்ஸ்ரே. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த எக்ஸ்ரே வீட்டுக்கு வந்தால் கண்ணைக் கழற்றி எங்கே வைப்பாரோ தெரியாது. ஒரு நாள் கத்தி பட்டு என் விரல் பிளந்து, தரையெல்லாம் ரத்தம். மனுஷர் அதை மிதிக்காமல் காலை எட்டி வைத்துப் பால்கனிக்குப் போனார். சிகரெட்டைப் பற்ற வைத்தார். முடித்துவிட்டு வந்து, "தரை ஈரமா இருக்கு, பார்த்து நட" என்றார். ஈரமாம்! எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தபோது மூன்றாம் நாள்தான், "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அவருடைய அம்மா செத்த தகவல் வந்தது ஷிஃப்ட்டின் நடுவில். வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து, மீதித் தட்டுகளை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்றும் ஒரு துகள் தப்பவில்லை என்று மேற்பார்வையாளர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். நாளைக்கு நான் செத்தாலும் இந்த ஆள் தட்டை முடித்துவிட்டுத்தான் வருவார்.

கேட்டால் ஒரே பதில். "மனசைக் கட்டுல வெச்சுக்கத் தெரியணும். அது எல்லாருக்கும் வராது." சொல்லும்போது முகத்தில் ஒரு கர்வம் இருக்கும், அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருடைய தம்பிதான். என் கொழுந்தனாரும் எங்கள் கம்பெனிதான், தட்டு ஏற்றி இறக்குகிற வேலை. அண்ணன் பிடிக்கிற அதே சிகரெட், நாளைக்கு இரண்டு அதிகமாகவே பிடிப்பார். ஆனால் டிவியில் ஒரு விளம்பரத்தில் நாய்க்குட்டி தொலைந்தாலும் அழுகிற ஆள். அவரையும் ஒருமுறை பரிசோதனை மேசையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் எழுப்பிவிட்டார்கள்.

"காலையில வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தா, எந்தக் குப்பியை எடுத்தாலும் அந்தச் சண்டைதான் அண்ணி மிதக்குது" என்றார் என்னிடம்.

"உனக்கு மனசுல உரமில்லைடா. அழுமூஞ்சி" என்றார் அண்ணன். தம்பியின் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் பார்க்கச் சொன்னார். தம்பி தலை குனிந்துகொண்டார்.

எங்களுக்கு ஒரே மகள். பதினாறு வயதில் அவளுக்குக் குடல்வால் வெடிக்கிற நிலைக்கு வந்து அவசர ஆபரேஷன். தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்த விரலைப் பக்குவமாக உருவி எடுத்தார், குப்பியைத் தட்டில் வைப்பாரே அதே பக்குவம். "ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்றார். வாசலில் நின்று ஒரு சிகரெட், அப்புறம் பஸ். அவள் அதை மறக்கவே இல்லை. படிப்பு முடிந்ததும் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். மூன்று வருடமாக என்னோடு மட்டும் போனில் பேசினாள். அப்பா எப்படி இருக்கார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவரும் அவளைப் பற்றிக் கேட்டதில்லை, அதில்தான் எனக்கு ஆத்திரம்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் கம்பெனிக்கு வந்தார்கள். கவனம் கலையாமல் வேலை செய்கிறவர்களை ஆராய்கிறார்களாம். புகை பிடிக்கிறவர்கள் வேண்டும் என்றார்கள். அண்ணனும் தம்பியும் பெயர் கொடுத்தார்கள். அண்ணன் தன் பெருமையைக் காட்ட, தம்பி மதியச் சாப்பாட்டுக்கு.

முதலில் ஒரு குழாயில் எச்சில் துப்பச் சொன்னார்கள், மரபணு பார்க்க. பிறகு இரண்டு நாள், காலையிலிருந்து சிகரெட் கிடையாது. மேல்கையில் ஒரு பேட்ச் ஒட்டினார்கள். ஒரு நாள் ஒட்டியதில் நிக்கோடின் உண்டு, இன்னொரு நாள் ஒட்டியது வெறும் பிளாஸ்திரி. எது எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள். திரையில் எண்கள் வரும், சரியான எண்ணுக்குப் பொத்தானை அமுக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்திலேயே படங்களும் வரும். நாற்காலி, மேசை என்று சும்மா சில படங்கள். அழுகிற முகம், அடிபட்ட ஆள் என்று மனதைக் கலக்குகிற சில படங்கள். கண் எங்கே போகிறது என்று ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அவர்களில் ஒரு ஆய்வாளர் பெண் முடிவை எடுத்துச் சொல்ல வந்தாள். குடும்பத்தாரும் வரலாம் என்றதால் நானும் போய் உட்கார்ந்தேன். தம்பிக்கு நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அழுகிற முகம் வந்தால் கண் அங்கேதான். என் கணவருக்கு அப்படி இல்லை. நிக்கோடின் இருந்த நாளில் அவர் கண் எண்ணை விட்டு நகரவே இல்லை. வெறும் பிளாஸ்திரி நாளில் அவர் தம்பியை விட மோசம். ஒரு குழந்தை அழுகிற படம் வந்ததும் எண்ணையே விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற மரபணு வகையில, நிக்கோடின் கவனத்தை இப்படிக் கட்டிப்போடலாம்னு நாங்க நினைக்கிறோம். எல்லாருக்கும் அப்படி நடக்காது" என்றாள் அந்தப் பெண்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானே ரெண்டு பேரும்?" என்றேன்.

"அம்மா அப்பாகிட்ட இருந்து எது யாருக்கு வந்து சேரும்னு சொல்ல முடியாதும்மா. இன்னொண்ணு, இது ஒரு சின்ன ஆராய்ச்சி. இதை மட்டும் வெச்சு ஒரு மனுஷனை எடை போட்டுடாதீங்க. மனசு இத்தனை சுலபம் இல்லை."

அந்தக் கடைசிப் பேச்சு என் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. கொழுந்தனார் மட்டும் எழுந்து நின்று அண்ணனைப் பார்த்து, "மனசுல உரம், உரம்னு சொல்லுவியே, கடைசியில பொட்டிக்கடையில விக்கிற உரம்தானாண்ணே அது?" என்று கேட்டார். நாற்பத்தைந்து வருடத்தில் தம்பி அண்ணனை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. என் கணவர் எழுந்து வெளியே போனார், வேறெதற்கு, சிகரெட் பிடிக்கத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினது உங்களோடவா, அந்தப் பாக்கெட்டோடவா?" அவர் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதமே கம்பெனி ஒரு உத்தரவு போட்டது. சிகரெட் பிடித்தவரின் மூச்சிலும் உடையிலும் நுண்ணிய துகள் வருகிறதாம். இனிமேல் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர்கள் புகை பிடிக்கவே கூடாது. அவர் ஒரே நாளில் நிறுத்தினார். அதில் மட்டும் ஆள் கெட்டிக்காரர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரோ ஒரு புது ஆள் வந்து குடியேறினார். குழாய் சொட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. மாடி வீட்டுக்காரர் செருப்பை இழுத்து நடப்பது கேட்க ஆரம்பித்தது. ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திய பக்கத்து வீட்டுப் பையனோடு தெருவில் நின்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார். என்னிடம் உப்புக்கும் புளிக்கும் கத்தினார். கத்திய பத்து நிமிடத்தில் வந்து, "உன் கையில என்ன தழும்பு?" என்று கேட்டார். பதினோரு வருடத்துத் தழும்பு! எனக்கு வந்த கோபத்தில், "தரை ஈரமா இருந்தப்ப வந்தது" என்றேன். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் கறுத்துப் போனது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

வேலையில் வினை வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரீட்சை உண்டு. நல்ல குப்பிகளோடு சில கெட்டதைக் கலந்து வைத்து, கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எக்ஸ்ரே ஐந்தைக் கோட்டைவிட்டார். ஒரு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதிலும் தவறினால் நாற்காலி போய்விடும், தம்பியோடு சேர்ந்து தட்டு தூக்க வேண்டியதுதான். கம்பெனி டாக்டர்தான் நிக்கோடின் பேட்ச் எழுதிக் கொடுத்தார். புகை கிடையாது, அதனால் தடையும் கிடையாது. தினமும் ஒட்டிக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஒட்டிக்கொண்டு போனார், பரீட்சையில் ஒன்று தப்பவில்லை. நாற்காலி நிலைத்தது. ஆனால் டாக்டர் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை. திங்கள் முதல் சனி வரை ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டமாட்டார்.

"டாக்டர் தினமும்னுதானே சொன்னார்?"

"ஒரு நாளாவது வேணாமே" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகளுடைய அறைக்குள் போய் உட்கார்ந்தார். பழைய ஆல்பத்தை எடுத்தார். "இவளுக்கு அப்ப எத்தனை பல்லு விழுந்திருந்தது?" என்று கேட்டார். "ஆபரேஷன் அன்னைக்கு யார் கையெழுத்துப் போட்டது? நானா, நீயா?" என்று ஒரு நாள். "நான்தான்" என்றேன், வெடுக்கென்று. அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கிட்டே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. இருபது வருடக் கடனை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடைத்துவிடப் பார்க்கிறாரா என்றுதான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் மகள் போன் செய்தாள். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, ஐந்து வருட ஒப்பந்தம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை விமானம். சான்றிதழ்கள் எங்கள் பீரோவில் இருக்கின்றன, காலையில் வந்து எடுத்துக்கொண்டு அப்படியே போகிறாள்.

"அப்பா இருப்பாரா?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"இருப்பார். சிகரெட்டை விட்டுட்டார். இப்ப ஆள் மாறிட்டார்."

"சரி. இருக்கட்டும். அவர்கிட்டயும் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன். அதுக்கப்புறம் உன் பாடு, அவர் பாடு."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவர் மாடி வீட்டுக்காரரைப் படியில் நிறுத்தி வைத்துக் கத்தியிருந்தார். மகள் சும்மா பேசமாட்டாள், குத்தித்தான் பேசுவாள், என் மகள்தானே. அவள் ஒன்று சொல்ல, இவர் பேட்ச் இல்லாமல் எகிறிக் குதிக்க, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டால்? ஐந்து வருடம் அப்படியே உறைந்து போகும். அப்புறம் ஒட்டாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பேட்ச் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கையை நீட்டுங்க."

"இன்னைக்கு வேணாமே."

"கத்திட்டீங்கன்னா அவ அப்படியே திரும்பிப் போயிடுவா. அப்புறம் என்னால ஒட்ட வைக்க முடியாது. நீட்டுங்க."

"கத்த மாட்டேன். இன்னைக்கு மட்டும் வேணாம்."

"உங்களை நான் நம்பத் தயாரா இல்லை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார். நான் ஒட்டி, ஓரம் கிளம்பாமல் உள்ளங்கையால் அமுக்கிவிட்டேன். ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

மகள் பதினொரு மணிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பையில் வைத்துவிட்டு, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"அப்பா, நான் போறேன். அஞ்சு வருஷம்."

"ம். அம்மா சொன்னா. நல்ல கம்பெனியா?"

"கம்பெனி இருக்கட்டும்பா. ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க விரலைப் பிடிச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஏன் உருவினீங்க?"

"ஷிஃப்ட் இருந்தது" என்றார்.

குரல் உயரவில்லை, தாழவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். கண்முழித்ததும் உங்களைத்தான் தேடினேன் என்றாள். பரீட்சையில் தோற்று ஹாலில் உட்கார்ந்திருந்தபோது என் காலைத் தாண்டிப் பால்கனிக்குப் போனீங்க என்றாள். உங்க கண்ணுக்கு நான் தெரிந்ததே இல்லை, நான் ஒரு குப்பியாகப் பிறந்திருக்கலாம் என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவே இல்லை. அவர் ஒழுங்காகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். நடுவில் ஒரு தடவை, "விமானம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

நான் தடுக்க நினைத்த கத்தலைக் கத்தியிருந்தால்கூட அவளுக்குப் போதுமாயிருக்கும். "ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று அவரைச் சமையலறைக்குள் இழுத்து, சட்டைக் கையை ஏற்றி, அந்தப் பேட்ச்சைப் பிய்த்து எறிந்தேன். தோல் சிவந்தது. அவர் சட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். எடுத்த பிறகும் மருந்து பல மணி நேரம் ரத்தத்தில் இருக்கும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆத்திரத்தில் பிய்த்தேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு அவள் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "சிகரெட்டை விட்டுட்டார், ஆள் மாறிட்டார்னு சொன்னியேம்மா" என்றாள். "அதே முகம்தான். இனிமே அவரைப் பத்தி என்கிட்ட பேசாதே."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலையில் நான்தான் ஒட்டினேன் என்று ஒரே வார்த்தை. சொல்லவில்லை. அவள் தெருமுனை திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அவர் மதியம் சாப்பிட்டார், பேப்பர் படித்தார்.

சாயங்காலம் ஆறரை இருக்கும். விமானம் கிளம்பி அரை மணி ஆகியிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் மகளுடைய அறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ அழுதாளா?"

நான் துணியைக் கீழே போட்டேன். "எதிரேதானே உட்கார்ந்திருந்தீங்க. ஒன்றரை மணி நேரம்."

"அவ என்ன சொன்னான்னு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு. முகம் ஞாபகம் இல்லை. அழுதாளா, இல்லையா?"

"வந்து உட்கார்ந்ததுல இருந்து எழுந்து போற வரைக்கும் அழுதா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. மாடி வீட்டில் செருப்புச் சத்தம் நின்று போனது. போனை எடுத்து மகளின் எண்ணை அமுக்கினார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடியும் அமுக்கினார். மூன்றாவது தடவை போனை என்னிடம் நீட்டினார், என்னால் ஏதாவது ஆகும் என்பது போல.

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். உப்பு புளிக்குக் கத்தியதை விட்டால், கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் குற்றம் சொன்னதில்லை, குற்றம் சொல்லவும் ஒரு ஆளைக் கண்ணில் பார்த்திருக்க வேண்டுமே.

"காலையில நான் வேணாம்னு சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க" என்றேன்.